லெப்பர்ட் 1: விற்றுத் தீராத டாங்கி

2023 தொடக்கத்தில் பெல்ஜியத்தில் ஒரு விலைச் சண்டை நடந்தது. உக்ரைனுக்கு அனுப்ப டாங்கி தேடிக்கொண்டிருந்த அரசுக்கு, தான் கழித்துக்கட்டிய லெப்பர்ட் 1 டாங்கிகள் டூர்னே நகரில் ஒரு தனியார் கொட்டகையில் வரிசைகட்டி நிற்பது நினைவுக்கு வந்தது. ஒன்றை 10,000, 15,000 யூரோவுக்குக் கொடுத்தோம், இப்போது 5 லட்சம் கேட்கிறார்கள் என்று பாதுகாப்பு அமைச்சர் குறைபட்டார். கொட்டகைக்காரர் தரப்போ, இவற்றை ஓடவும் சுடவும் வைக்கச் சிலவற்றுக்கு 10 லட்சம் யூரோ வரை பிடிக்கும் என்றது.

இரண்டு பேர் சொன்னதிலும் பொய் இல்லை. 15,000 யூரோ என்பது 40 டன் இரும்பின் விலை. அதற்கு மேலே உள்ளதெல்லாம் சீல், ஹோஸ், மின்பலகை, ஒளியியல் கருவி, ஓட்டத் தெரிந்தவன், பழுது பார்க்கத் தெரிந்தவன், குண்டு, கடைசியாக ஒரு கையெழுத்து ஆகியவற்றின் விலை. உபரி டாங்கி வாங்கும் நாடுகள் பெரும்பாலும் முதல் கணக்கைப் பார்த்து வாங்கிவிட்டு இரண்டாவது கணக்கில் மாட்டிக்கொள்கின்றன.

லெப்பர்ட் 1 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, ஏனென்றால் அது போகாத ஊர் குறைவு. 1965 முதல் ஜெர்மன் ராணுவத்துக்கு வரத் தொடங்கிய வண்டி. போர் டாங்கியாக மட்டும் 4,700-க்கு மேல் செய்தார்கள். அதே அடிச்சட்டத்தில் மீட்பு வண்டி, பாலம் போடும் வண்டி, கெபார்ட் விமான எதிர்ப்பு வண்டி என்று இன்னும் 1,700-க்கு மேல். ஜெர்மனி தவிர பெல்ஜியம், நெதர்லாந்து, நார்வே, டென்மார்க், இத்தாலி, கிரேக்கம், துருக்கி, கனடா, ஆஸ்திரேலியா எல்லாம் புதிதாகவே வாங்கின. ஜெர்மனி தன் கடைசி லெப்பர்ட் 1 டாங்கிகளை 2003-இல் ஓய்வுக்கு அனுப்பியபோது ஐரோப்பா முழுவதும் அவை மிதமிஞ்சிக் கிடந்தன.

கிடந்ததற்கு ஒரு காரணம் 1990 நவம்பரில் பாரிஸில் கையெழுத்தான ஐரோப்பிய மரபுப் படைகள் ஒப்பந்தம். நேட்டோ, சோவியத் தலைமையிலான வார்சா அணிகள் ஒவ்வொன்றும் 20,000 டாங்கிக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. மிச்சத்தை அழிக்க வேண்டும். ஆனால் ஒரே அணிக்குள் கைமாற்றலாம்: புதியதை வைத்திருப்பவர் பழையதை வைத்திருப்பவருக்குக் கொடுப்பார், பெற்றவர் தன் இன்னும் பழையதை வெட்டுவார். அமெரிக்காவின் எம்60, ஜெர்மனியின் லெப்பர்ட் 1 எல்லாம் அப்படித்தான் துருக்கிக்கும் கிரேக்கத்துக்கும் இறங்கின. அங்கிருந்த எம்47, எம்48 வண்டிகள் வெல்டிங் டார்ச்சுக்குப் போயின.

எப்படி வெட்ட வேண்டும் என்று அந்த ஒப்பந்தத்தின் பின்னிணைப்பு எழுதியிருப்பதைப் படித்தால், எழுதியவர்கள் காயலான் கடையில் உட்கார்ந்து எழுதினார்களோ என்று தோன்றும். மேலே பீரங்கியோடு சுழலும் டரட்டை முதலில் கழற்ற வேண்டும். குண்டு போட்டபின் குழாயின் பின்வாயை அடைக்கும் பின்பூட்டை அதன் வளையத்தோடு குறைந்தது இரண்டு இடத்தில் பற்றவைக்க வேண்டும், அல்லது வளையத்தின் ஒரு பக்கத்தை நீளவாக்கில் அறுக்க வேண்டும். குழாயை அந்த வளையத்திலிருந்து 100 மில்லிமீட்டருக்குள் துண்டிக்க வேண்டும். பீரங்கியைத் தாங்கும் இரண்டு அச்சுகளில் ஒன்றை, அது உட்காரும் இடத்தோடு சேர்த்து வெட்ட வேண்டும். பிறகு டரட் உட்காரும் வட்டத் துளையின் விளிம்பில் முன்னும் பின்னும் 60 பாகைக்குக் குறையாத இரண்டு துண்டுகளை எடுத்துவிட வேண்டும்; இல்லையென்றால் பின்சக்கர இயக்கி பொருந்தும் இரண்டு பக்கப் பகுதிகளையும் அறுத்து எடுக்க வேண்டும். இந்த இடங்களைத் தேர்ந்தெடுத்ததில்தான் சூட்சுமம். மற்ற எல்லாவற்றையும் வெல்டிங்கில் ஒட்டலாம். டரட் வளையமும் இயக்கித் துளையும் துல்லியமாகக் கடைந்த பரப்புகள். ஒருமுறை அறுத்தால் நேர்கோடு திரும்ப வராது. டாங்கியின் உயிர்நாடி எது என்று கேட்டால் இந்தப் பட்டியலைக் காட்டலாம்.

வெட்டுப்படாமல் தப்பியவை ஊர் சுற்றக் கிளம்பின. நெதர்லாந்து தன் 200 டாங்கிகளை 1990-களின் கடைசியில் சிலிக்கு விற்றது. சிலி அடுத்த பத்தாண்டுக்குள் லெப்பர்ட் 2-க்கு மாறியது. பழையதில் 30-ஐ எக்குவடோருக்குத் தள்ளியது. மூன்றாவது கை. பெல்ஜியம் 128 டாங்கிகளை பிரேசிலுக்குக் கொடுத்தது. அது போதாதென்று பிரேசில் ஜெர்மனியோடு 2006-இல் ஒப்பந்தம் போட்டு 220 மேம்பட்ட 1ஏ5 டாங்கிகளை வாங்கியது. கனடா செய்தது இன்னும் விசித்திரம்: ஜெர்மனியின் உபரி 1ஏ5 டாங்கிகளை வாங்கி, டரட்டை மட்டும் கழற்றித் தன் சொந்த அடிச்சட்டங்களில் ஏற்றிக்கொண்டது. டென்மார்க் தன்னுடையதில் சுமார் நூற்றை 2010 வாக்கில் ஜெர்மனியின் பிளென்ஸ்பர்க் நகரத்து எஃப்.எஃப்.ஜி. நிறுவனத்துக்கு விற்றது. அங்கே அவை உதிரிக்கும் மாற்று வண்டிகளுக்குமாகக் காத்திருந்தன.

பெயர் ஒன்றாக இருப்பதால் வண்டியும் ஒன்று என்று நினைப்பவர்கள் முதல் அடி வாங்குவது இங்கே. அடிச்சட்டம், எஞ்சின், 105 மி.மீ. எல்7 பீரங்கி எல்லாம் பொது. கண் வேறு. ஜெர்மன் 1ஏ5 வண்டியில் இருப்பது எமெஸ் 18 என்ற குறிகாண் அமைப்பு. லெப்பர்ட் 2-இன் எமெஸ் 15-இலிருந்து வந்தது. பெல்ஜியத்தின் வண்டியில் அந்நாட்டு சப்கா நிறுவனத்தின் அமைப்பு. டச்சு வண்டியிலும் கிரேக்கம் புதிதாக வாங்கிய வண்டியிலும் எமெஸ் 12. துருக்கி தன் வண்டிகளில் 171-க்கு அசெல்சான் நிறுவனத்தின் வோல்கான் அமைப்பைப் பொருத்தியது. ஒன்றின் மின்பலகை மற்றொன்றில் ஏறாது, ஒன்றின் கையேடு மற்றொன்றுக்கு உதவாது. பெல்ஜிய வண்டி ஐம்பதும் டேனிஷ் வண்டி ஐம்பதும் சேர்ந்தால் நூறு டாங்கி என்று காகிதத்தில் எழுதலாம். பட்டறையில் அவை இரண்டு குடும்பம்.

பத்து, பதினைந்து ஆண்டு நின்ற லெப்பர்டை எழுப்புவது எப்படி?

முதலில் சாவியைப் போடக் கூடாது. எஞ்சின், கியர்பாக்ஸ், குளிர்விப்பு மூன்றும் ஒரே கட்டாக வெளியே வரும்படி இந்த வண்டியை வடிவமைத்தார்கள். பின்தளத்தைத் தூக்கி, இணைப்புக் குழாய்களையும் மின் இணைப்புகளையும் பிரித்து, இரண்டு பக்க இயக்கிகளின் இணைப்பை விடுவித்தால் மீட்பு வண்டியின் கிரேன் அப்படியே தூக்கிவிடும். பழகிய குழுவுக்கு 20 நிமிட வேலை. கொட்டகையில் நின்ற வண்டியில் பாதி நாள் ஆகும், ஏனென்றால் இணைப்புகள் இறுகியிருக்கும், பழைய ஹோஸ் கையில் பொடியும்.

எஞ்சின் எம்.டி.யூ. நிறுவனத்தின் எம்.பி. 838: பத்து சிலிண்டர், 37.4 லிட்டர், 830 குதிரைத்திறன். ஆவடியோடு பழக்கமுள்ளவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். அங்கே செய்யும் அர்ஜுன் டாங்கியில் இருப்பது இதே 838 குடும்பத்தின் 1,400 குதிரைத்திறன் தம்பி. நின்று கெட்ட எஞ்சினில் பெரும்பாலும் பிஸ்டன் கெட்டிருக்காது. கெடுவது சுற்றியுள்ளவை. குளிர்நீர்ப் பம்பின் சீல் காய்ந்திருக்கும். டீசல் தொட்டியின் அடியில் தண்ணீர் இறங்கி, தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர் வளர்ந்து கறுப்புக் கூழாகக் கிடக்கும். அது ஃபில்டரை அடைத்து, தப்பித்தால் ஊசிப் பம்பைக் கெடுக்கும். ஆகவே எஞ்சினை வெளியே ஸ்டாண்டில் வைத்து, பழைய எண்ணெய் முழுதும் வடித்து, சிலிண்டருக்குள் கேமரா விட்டுத் துரு இருக்கிறதா பார்த்து, எண்ணெயை அழுத்தி பேரிங்குகளுக்கு ஏற்றி, கையால் சுற்றிப் பார்த்து, தனி டப்பாவிலிருந்து சுத்த டீசல் கொடுத்துத்தான் முதல் ஓட்டம். வண்டியின் சொந்தத் தொட்டிகளைத் திறந்து கழுவி முடிக்கும்வரை அதிலிருந்து ஒரு சொட்டு எஞ்சினுக்குப் போகக் கூடாது. அவசரத்தில் இந்தப் படியைத் தாண்டுவதால்தான், பட்டறை வாசலில் நன்றாக ஓடிய வண்டி இரண்டாம் நாள் பயிற்சித் திடலில் திணறி நிற்கிறது.

கீழே பக்கத்துக்கு ஏழு சக்கரம், ஒவ்வொன்றுக்கும் ஸ்பிரிங்காக வேலை செய்யும் ஒரு முறுக்குத் தண்டு. ஒரே இடத்தில் வருடக்கணக்கில் நின்றதால் சக்கரத்தின் ரப்பர் ஒரு பக்கம் தட்டையாகி, ஓட்டத்தில் முதலில் அதிரும், பிறகு கட்டிகட்டியாகப் பெயரும். தண்டுகள் தளர்ந்திருந்தால் வண்டி ஒரு பக்கம் சாயும். மாற்றும்போது இடப்பக்கத் தண்டை வலப்பக்கம் போடக் கூடாது. தொழிற்சாலையில் ஒரு திசையில் முன்முறுக்கு ஏற்றியிருப்பார்கள், திருப்பிப் போட்டால் சீக்கிரம் முறியும். செயின் தொய்ந்திருந்தால் ஒரு கண்ணியை எடுத்து இறுக்கலாம். அதற்கும் ஒரு எல்லை உண்டு. ஊசிகளின் ரப்பர் தேய்ந்து கண்ணி இடைவெளி நீண்டுவிட்டால், இயக்கிச் சக்கரத்தின் பற்களையும் சேர்த்துத் தின்னும். அப்போது செயின், பற்சக்கரம் இரண்டையும், அதுவும் இரு பக்கமும் ஒன்றாக மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் புதியது போட்டால் வண்டி இழுக்கும். ஓட்டுநர் ஓயாமல் திருத்திக்கொண்டே போவார், சுமை கியர்பாக்ஸின் தலையில் விழும்.

டரட்டில்தான் பணம் போகும். இந்த வண்டியில் டரட்டைச் சுழற்றுவது ஹைட்ராலிக். நின்ற சீல்கள் முதல் அழுத்தத்திலேயே கசியும். கனடா 2006-இல் தன் லெப்பர்டுகளைக் காந்தஹாருக்குக் கொண்டுபோனபோது இன்னொரு விஷயம் வெளியே வந்தது: ஹைட்ராலிக் எண்ணெயின் சூடு முழுதும் உள்ளே ஆட்கள் உட்காரும் இடத்தில் இறங்குகிறது, குளிர்சாதனம் கிடையாது. குளிர்நாட்டுச் சமவெளிக்கு யோசித்த வண்டி ஆப்கன் கோடையில் அடுப்பானது. குழுவினருக்குக் குளிர்ச்சி உடுப்பு கொடுத்துச் சமாளித்தார்கள். அடுத்த ஆண்டே கனடா லெப்பர்ட் 2-ஐ ஜெர்மனியிடம் இரவல் வாங்கியது, டச்சுக்காரர்களிடம் நூறு உபரி வண்டி விலைக்கு வாங்கியது.

அடிச்சட்டத்திலிருந்து சுழலும் டரட்டுக்கு மின்சாரமும் பேச்சும் போவது ஸ்லிப் ரிங் என்ற, சுழன்றாலும் தொடுப்பு விடாத வளையம் வழியாக. அதன் தொடுபரப்பு கறுத்திருந்தால் வரும் கோளாறு ஆளைப் பைத்தியமாக்கும். பீரங்கி வடக்கே பார்க்கும்போது குறிகாண் கணினி அணையும், கிழக்கே திருப்பினால் உயிர்க்கும். கணினியைத்தான் எல்லோரும் முதலில் கழற்றுவார்கள். அனுபவசாலி டரட்டை நான்கு சுற்று சுற்றவிட்டு, எந்தக் கோணத்தில் அணைகிறது என்று சுண்ணாம்புக்கட்டியால் குறித்துவிட்டு நேராக ரிங்கைப் பிரிப்பார்.

எமெஸ் 18-இன் வெப்பக் காட்சிக் கருவிக்குள் உணரியை உறையவைக்கும் சிறிய குளிர்விப்பி உண்டு. அதற்குள் இருக்கும் ஹீலியம் பயன்படுத்தாமலே மெல்லக் கசியும். பட்டறையில் திரையில் படம் தெரியும். ஆனால் குளிர்ந்து படம் வர எடுக்கும் நேரம் நீண்டுகொண்டே போனால் அதன் ஆயுள் முடிந்தது என்று பொருள். இந்தப் பாகத்துக்கு உற்பத்தி வரிசை எப்போதோ மூடியாயிற்று. இன்னொரு டாங்கியிலிருந்துதான் எடுக்க வேண்டும். எஞ்சின் அறைத் தீயணைப்பு உருளைகளுக்கும் ஏறக்குறைய அதே கதை: அக்காலத்து வண்டிகளில் ஹாலான் வாயு, வளர்ந்த நாடுகளில் 1994 முதல் அதன் உற்பத்தி கிடையாது. மாற்று வாயு போட்டால் உருளையும் குழாயும் மாறும்.

பீரங்கியைப் பொறுத்தவரை துரு, தேய்மானம், பின்னுதைப்பு எண்ணெய் மூன்றையும் பார்க்க வேண்டும். எல்7 உள்பக்கம் சுருள் வரிகள் வெட்டிய குழாய். வரி தொடங்கும் இடத்தில், அதாவது பின்பூட்டுக்கு அருகில், தேய்மானத்தை அளப்பார்கள். எத்தனை குண்டு சுட்டது என்ற பதிவேடு கையோடு வந்தால் பாதி வேலை மிச்சம். பழைய லாரி வாங்குகிறவர் வண்டியைச் சுற்றிவராமல் முதலில் எஃப்.சி. காகிதத்தைக் கேட்பது போல, விவரம் தெரிந்த நாடு குழாயின் பதிவேட்டைத்தான் முதலில் கேட்கும். மூன்றாவது, நான்காவது கைக்கு வரும்போது அது பெரும்பாலும் தொலைந்திருக்கும். கடைசியாகக் குறிகாண் கருவியின் கோட்டையும் குழாயின் கோட்டையும் ஒத்துப்பார்த்து, திடலில் உண்மையான குண்டு சுட்டுச் சரிசெய்தால்தான் அது டாங்கி. அதுவரை அது செயின் கட்டிய டிராக்டர்.

இதையெல்லாம் செய்தும் கோணலாகலாம். 2023 பிப்ரவரியில் ஜெர்மனி, டென்மார்க், நெதர்லாந்து மூன்றும் சேர்ந்து உக்ரைனுக்கு நூறு லெப்பர்ட் 1ஏ5 தருவதாக அறிவித்தன. அந்தச் செப்டம்பரில் போலந்து வரை வந்துசேர்ந்த பத்து வண்டிகளை உக்ரைன் வாங்க மறுத்தது. பழுது பார்க்க வேண்டியிருந்தது, அதற்கான ஆளும் உதிரியும் உக்ரைனில் இல்லை. அதற்கு முந்தைய தொகுப்பிலும் கோளாறு இருந்தது. ஜெர்மனியில் வீரர்களுக்குப் பயிற்சி கொடுத்துக் கொடுத்தே தேய்ந்திருந்தன. என் கணக்கில் இது ஏமாற்று இல்லை. பயிற்சிக்குத் தனி வண்டி, களத்துக்குத் தனி வண்டி, பிரித்துப்போட மூன்றாவதாகச் சில வண்டி என்று ஒதுக்காமல் எண்ணிக்கையை மட்டும் அறிவித்தால் இப்படித்தான் முடியும். டூர்னே கொட்டகையின் ஐம்பதை அந்த ஆண்டு ஜெர்மன் ஆயுத நிறுவனமான ரைன்மெட்டல் வாங்கியபோதும், எல்லாம் ஓடும் என்று யாரும் சொல்லவில்லை. ஒரு பகுதி உதிரிக்கே போகும் என்பது தொடக்கத்திலிருந்தே தெரிந்த கணக்கு.

பிரேசில் இதை ஓரளவு சரியாகச் செய்தது. வண்டியோடு பராமரிப்பு ஒப்பந்தமும் உதிரியும் பயிற்சிக் கருவிகளும் சேர்த்து வாங்கியது; டாங்கிகள் குவிந்திருக்கும் தெற்கு மாநிலத்துச் சாந்தா மரியா நகரிலேயே செய்த நிறுவனத்தை ஒரு கிளை திறக்கவைத்தது.

அதே பிரேசில்தான் அடுத்த முடிச்சையும் காட்டியது. 2023 ஜனவரியில் லெப்பர்ட் 1-க்கான 105 மி.மீ. குண்டுகளை ஜெர்மனி கேட்டபோது, போரில் பங்கு வேண்டாம் என்று அதிபர் லூலா மறுத்தார். ஸ்விட்சர்லாந்தின் ருவாக் நிறுவனம் 2016-இல் இத்தாலியிடம் வாங்கி இத்தாலியிலேயே நிறுத்திவைத்திருந்த 96 லெப்பர்ட் 1 டாங்கிகளை உக்ரைனுக்காக விற்க அனுமதி கேட்டது. 2023 ஜூனில் ஸ்விஸ் அரசு முடியாது என்றது. கெபார்டின் 35 மி.மீ. குண்டு விஷயத்தில் முடிச்சு இன்னும் இறுக்கம். ஸ்விட்சர்லாந்தில் செய்து ஜெர்மனிக்கு விற்ற சுமார் 12,000 குண்டுகளை மூன்றாம் நாட்டுக்குத் தர 2022-இல் அனுமதி கிடைக்கவில்லை. வண்டிகள் களத்தில் நிற்க, ரைன்மெட்டல் உன்டர்லூஸ் ஆலையில் புதிய உற்பத்தி வரிசையே தொடங்க வேண்டியதாயிற்று. விற்ற நாடு, செய்த நாடு, குண்டு செய்த நாடு என மூவரின் சம்மதமும் ஒரு வண்டியின் மேல் இருக்கும். அனுமதியில்லாமல் கைமாற்றமாட்டோம் என்று வாங்கும்போது கையெழுத்திடும் இறுதிப் பயனர் சான்றிதழ் வண்டி காயலான் கடைக்குப் போகும்வரை கூடவே வரும். கத்தாருக்குப் போன 15 கெபார்டுகளை ஜெர்மனியே காசு கொடுத்துத் திரும்ப வாங்கிய கூத்தும் நடந்தது.

105 மி.மீ. குண்டு மட்டும் இந்தக் குடும்பத்துக்கு வரமாக அமைந்தது. செஞ்சூரியன், எம்60, ஆவடியில் 1965 முதல் வெளிவந்த விஜயந்தா எல்லாவற்றிலும் இதே எல்7 வழிவந்த பீரங்கி என்பதால் உலகில் பல நாடுகள் இதற்குக் குண்டு செய்தன. லெப்பர்ட் 1-ஐவிடக் கனமான கவசம் கொண்ட பழைய வண்டிகள் எத்தனையோ குண்டில்லாமல் சிலையாகிப்போயின. லெப்பர்டின் அடிச்சட்டக் கவசம் அதிகபட்சம் 70 மி.மீ.தான், இன்றைய எந்த டாங்கி எதிர்ப்பு ஆயுதமும் அதை ஊடுருவும். உக்ரைனில் மேலே கம்பிக்கூண்டும் வெடிகவசக் கட்டிகளும் ஏற்றி, பெரும்பாலும் தள்ளி நின்று சுடும் வேலைக்கே வைத்தார்கள்.

டரட் போன பிறகும் அடிச்சட்டத்துக்கு வேலை இருக்கிறது. சொல்லப்போனால் அதற்குத்தான் ஆயுள் அதிகம். பிரிட்டிஷ் மரீன் படையின் ஹிப்போ என்ற கடற்கரை மீட்பு வண்டி லெப்பர்ட் 1ஏ5-இன் மேல் ஒரு உயரமான அறையைக் கட்டியது. கிட்டத்தட்ட மூன்று மீட்டர் தண்ணீரில் இறங்கி, மாட்டிக்கொண்ட லாரியை இழுக்கும், தரைதட்டிய படகைத் தள்ளிவிடும். அதற்காகக் கியர் விகிதத்தைக் குறைத்ததில் மணிக்கு 65 கி.மீ. போன வண்டி 32-க்கு வந்தது. மொத்தமே நான்கு வண்டிதான். எஃப்.எஃப்.ஜி. தன் கொட்டகை வண்டிகளிலிருந்து விசென்ட் 1 செய்கிறது. முன்னால் கலப்பை பூட்டினால் கண்ணிவெடி அகற்றும், பிளேடு பூட்டினால் மண் தள்ளும். ஆஸ்திரேலியா தன் லெப்பர்டுகளில் பலவற்றை முன்னாள் படைவீரர் சங்கங்களின் வாசலுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் கொடுத்தது. கனடாவில் சில, சுட்டுப் பழகும் திடல்களில் இலக்காக நிற்கின்றன.

2024-இல் பெல்ஜியத்தின் ஜான் காக்கரில் நிறுவனம் தன் எடை குறைந்த 105 மி.மீ. டரட்டை லெப்பர்ட் 1 அடிச்சட்டத்தில் ஏற்றிக் காட்டியது. புதிய கண், புதிய பீரங்கி, தானே குண்டு ஏற்றும் வசதி. ஆள் நான்கிலிருந்து மூன்றானது. ரைன்மெட்டல் அதே ஆண்டு, தன் ஸ்கைரேஞ்சர் 35 மி.மீ. டரட்டை அதே அடிச்சட்டத்தில் உட்காரவைத்து ட்ரோன் சுட உக்ரைனுக்கு அனுப்பப்போவதாக அறிவித்தது. எமெஸ் 18-க்கு உதிரி தேடுவதைவிட, கடைந்த வளையம் கெடாமல் இருக்கிறதா என்று பார்த்துப் புதிய டரட்டை இறக்குவது மலிவு. கொட்டகைக்காரர்கள் இப்போது வண்டியைக் காட்டும்போது பீரங்கியைக் காட்டுவதில்லை. டரட்டைத் தூக்கி வைத்துவிட்டு வளையத்தைத் துடைத்துக் காட்டுகிறார்கள்.